மெதுவாகச் சுற்றிய சவுதி மெஷின்

பாட்டு தொடங்கி ஒரு வரிகூட முடிந்திருக்காது. என் கணவர் சோற்றுத் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"யாரு பாடுறது இது?" என்றார்.

"நீங்க அனுப்பின ரெக்கார்டுதாங்க. உருதுப் பாட்டு. அந்த ஆளு நல்லாத்தான் பாடுறாரு" என்றேன்.

"ஆளா? இது பொம்பளை பாடின பாட்டு ஜமீலா!"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சிரிக்கவில்லை. குழம்பு ஒட்டிய விரல்களை அப்படியே விரித்துப் பிடித்தபடி எழுந்து போய், ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே அந்தக் குரல், தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்ட ஆளைப்போல, ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருந்தது.

"இதே மெஷின்ல, இதே ரெக்கார்டை, என் ரூம்ல எத்தனை வெள்ளிக்கிழமை போட்டுக் கேட்டிருக்கேன். தங்கக் கம்பி மாதிரி பாடும். இதை யாரு தொட்டது?"

சவுதியிலிருந்து விடுமுறையில் வந்த அவர் கம்பைநல்லூர் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்ட முதல் மதியச் சாப்பாடு அது. தட்டில் பாதிக்கறி அப்படியே கிடந்தது.

போன வாரம் என் தங்கை ஷகிலாவின் கல்யாணத்தைப் பற்றி எழுதியபோது, 'அந்தக் கல்யாணத்துக்கு நான் போவேனா மாட்டேனா என்று கடைசிவரை தெரியாமல் இருந்தது' என்று ஒரு வரி எழுதிவிட்டு மேலே போய்விட்டேன். அது எப்படி, சொந்தத் தங்கை கல்யாணமாயிற்றே என்று கேட்டு வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறீர்கள். இந்த மெஷின்தான் காரணம்.

இரண்டு விதமான டேப்

என் கணவர் இக்பால் சவுதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். அந்த ரெக்கார்டு பிளேயரை அங்கே புதிதாக வாங்கி, சில மாதம் தான் கேட்டுவிட்டு, எனக்கென்று கப்பலில் அனுப்பிவைத்தார். வெள்ளி நிற முகம். புகை படிந்த கண்ணாடிபோல ஒரு மூடி. மூடியைத் திறந்தால் புது ரப்பர் வாசனை வரும். அதோடு ஒரே ஒரு ரெக்கார்டு. உறையில் ஒரு ரோஜாப்பூ, பாடியவர் படம் இல்லை. எனக்கு அந்தப் பாட்டு முன்பின் தெரியாது. ஆண் குரல் என்றேதான் பல மாதம் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பெட்டியை மெட்ராஸ் போய் எடுத்து வந்தது என் அண்ணன் காதர். பொம்மிடியில் மைக் செட் கடை வைத்திருந்தார். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, தேர்தல் கூட்டம், எல்லாவற்றுக்கும் அவர் குழாய் ஸ்பீக்கர்தான். ரயிலில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கிய அன்று நல்ல மழை. பாதை உடைந்து பஸ் நின்றுபோனது. அதனால் ஒரு வாரம் அது அண்ணன் கடையிலேயே இருந்தது. பிறகு மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த ஒரு வாரம்தான் வினையாகிவிட்டது.

"மெஷின் வந்த பெட்டி எங்க?" என்றார் என் கணவர், கையைக் கழுவிக்கொண்டு வந்து.

அட்டைப் பெட்டி பரணில் இருந்தது. அதில் மாமியார் வரமிளகாய் போட்டு வைத்திருந்தார். இவர் மிளகாயைத் தரையில் கொட்டி, தும்மிக்கொண்டே, பெட்டியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெட்டியின் வாயில் ஒட்டிய பழுப்பு டேப். அதன்மேல் வேறொரு டேப், கண்ணாடி மாதிரி.

"ரெண்டு டேப் இருக்கு."

"துறைமுகத்துல பிரிச்சுப் பாத்திருப்பாங்கங்க. அண்ணன் அப்பவே சொன்னாரு."

"உங்க அண்ணன் சொன்னாரு" என்றார் அவர்.

மிளகாயை முறத்தில் அள்ளிக்கொண்டே மாமியார், "ஒரு வாரம் மைக் செட்டுக் கடையில இருந்த சாமான். நான் ஒண்ணும் சொல்லலைப்பா" என்றார்.

மூட்டையின் அடிவரை

என் கணவரைக் கெட்டவர் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அவர் வளர்ந்த வீடு அப்படி. மாமனார் புளி வியாபாரி. மலையிலிருந்து வரும் புளி மூட்டைக்குள் ஈரப் புளியும் கல்லும் அடியில் இருக்கும் என்பது அந்தத் தொழிலில் எல்லாருக்கும் தெரியும். அதனால் மாமனார் எந்த மூட்டையானாலும் தோள்வரைக்கும் கையை விட்டு அடியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாராம். பெண் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோதுகூட, கொடுத்த மிக்சரைக் கிளறிவிட்டுத்தான் சாப்பிட்டார் என்று என் அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் கை மகனுக்கும் வந்திருந்தது. அதோடு, வெளிநாட்டுத் தனிமை. அங்கே ஓர் அறையில் எட்டுப் பத்துப் பேர் படுத்திருப்பார்கள். ஊரிலிருந்து கடிதம் தாமதமானால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை சொல்வார்கள். யாரோ ஒருவன் அனுப்பிய துணியை மைத்துனன் விற்றுவிட்டான், இன்னொருவன் அனுப்பிய ரேடியோ பக்கத்து வீட்டில் பாடுகிறது என்று. அவர் கடிதங்களிலேயே அந்த வாடை அடிக்கும். 'டப்பாவில் மொத்தம் எத்தனை சோப்பு இருந்தது, எழுது' என்பார்.

அண்ணனிடமும் ஒரு குணம் உண்டு. எந்த மெஷினைப் பார்த்தாலும் திறந்து பார்க்காமல் இருக்க அவரால் முடியாது. சின்ன வயதில் எங்கள் வீட்டுத் தையல் மெஷினைக் கழற்றிப் பரப்பிவிட்டு, அம்மாவிடம் அடி வாங்கிக்கொண்டே மாட்டியவர். அதனால், அவர் கை இதில் பட்டிருக்காது என்று என்னால் அடித்துச் சொல்ல முடியவில்லை. பட்டிருந்தாலும் திருடியிருக்க மாட்டார் என்றுதான் சொல்ல முடிந்தது. அது என் கணவருக்குப் போதவில்லை.

பெல்ட்டும் பவுடரும்

முதலில் பெல்ட்டைப் பார்த்தோம். தட்டைத் தூக்கினால் அடியில் மெல்லிய ரப்பர் பெல்ட் ஒன்று, மூலையிலிருந்த மோட்டாரின் தலைக்கும் தட்டுக்குமாக ஓடியது. நான் அதை ஸ்பிரிட்டால் துடைத்தேன். வழுக்குகிறதோ என்று குழந்தைப் பவுடர் தடவிப் பார்த்தேன். அவர் தட்டின் நடு அச்சுக்கு ஒரு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டார். பின்பக்கம் கரண்டுக்கு ஏற்ப மாற்றும் சின்ன சுவிட்ச் 220-ல் சரியாக இருந்தது. மறுபடி போட்டோம். அதே ஆம்பளைக் குரல்.

மறுநாள் தருமபுரிக்குத் தூக்கிக்கொண்டு போனார். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெக்கானிக்கை வேண்டுமென்றே தேடிப் பிடித்தாராம். அண்ணனைத் தெரியாத ஆளாக இருக்க வேண்டும் என்று. மெக்கானிக் புது பெல்ட் போட்டார். மாற்றமில்லை. அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "கை வெச்சிருக்காங்க சார். இந்த ஸ்குரூ தலை தேஞ்சிருக்கு பாருங்க. மோட்டார் மாத்தினாத்தான் சரியா வரும்" என்றாராம்.

இவர் திரும்பி வந்தபோது முகம் தெளிவாக இருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. சந்தேகம் போய், முடிவுக்கு வந்துவிட்ட முகம்.

"நல்ல மோட்டாரை எடுத்துக்கிட்டு, பழசை வெச்சு மூடிட்டாரு உங்க அண்ணன். அவரு மைக் செட் மெஷின் இப்பல்லாம் ரொம்ப நல்லாப் பாடுதாமே?"

படுக்கை விரிப்பில் கட்டிய மூட்டை

அந்த வாரத்திலேயே அண்ணன் ஷகிலா கல்யாணப் பத்திரிகையோடு வந்தார். தாம்பாளத்தில் வெற்றிலை, பழம், பத்திரிகை எல்லாம் வைத்து நீட்டினார். என் கணவர் கையை நீட்டவில்லை.

"மச்சான், ஒரு கேள்வி. அந்தப் பெட்டியைப் பிரிச்சீங்களா?"

அண்ணன் 'இல்லை' என்று சொல்லிவிடக் கூடாதா என்று மனசு தவித்தது.

அண்ணன் தாம்பாளத்தைக் கீழே வைத்தார். "துறைமுகத்துல பிரிச்சிருந்தாங்க, நானும் பிரிச்சேனுங்க. மழை ஈரம் உள்ள போயிருக்குமோன்னு அடிப்பலகையைக் கழட்டிப் பாத்தேன். அந்த மாதிரி மெஷின் நான் பாத்ததில்லை. ஆசையாவும் இருந்துச்சு. பாத்துட்டு மூடிட்டேன்."

"மோட்டாரு?"

"மோட்டாருக்கு என்ன?"

என் கணவர் சொன்னார். மெக்கானிக் சொன்னதையும் சேர்த்துச் சொன்னார். அண்ணன் என்னை ஒரு தடவை பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸிலேயே திரும்பி வந்தார். பழைய படுக்கை விரிப்பில் கட்டிய மூட்டையைக் கூடத்தில் இறக்கினார். அவருடைய மைக் செட் பிளேயர். சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்து, உட்கார்ந்த இடத்திலேயே ஒவ்வொரு ஸ்குரூவாகக் கழற்றி, மோட்டாரைத் தனியே எடுத்து என் கணவர் காலடியில் வைத்தார்.

"பாத்துக்குங்க மச்சான். இது உங்க மோட்டாரா?"

அது வேறு அளவு, வேறு கம்பெனி. குழந்தைக்கும் தெரியும். என் கணவர் அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"இது இல்லை. வேற எங்கயாச்சும் கொடுத்திருக்கலாம்."

அண்ணன் மோட்டாரை மாட்டவில்லை. எல்லாத் துண்டுகளையும் அப்படியே விரிப்பில் அள்ளிக் கட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டும்போது, உள்ளே பார்க்காமல், "கல்யாணம் அடுத்த ஞாயித்துக்கிழமை. வர்றதும் வராததும் உங்க இஷ்டம்" என்றார்.

"நான் வரப் போறதில்லை" என்றார் என் கணவர், அண்ணன் தெருவில் இறங்கிய பிறகு. "நீயும் போகக் கூடாது. உண்மை தெரியற வரைக்கும் அந்த வூட்டுப் படி மிதிக்கக் கூடாது."

நான் அழுதேன். அதைவிட, யோசித்தேன். ஒருவேளை இவரே அங்கே பழைய மெஷினை வாங்கிவிட்டுப் புதிது என்று சொல்கிறாரோ என்றுகூட ஓடியது. வீட்டில் எல்லாரும் எல்லாரையும் பார்த்த பார்வையே மாறிப்போயிருந்தது. மாமியார் சர்க்கரை டப்பாவைத் தூக்கி எடை பார்த்து வைத்ததை நானே கண்டேன்.

சிவப்பு எண் கடிகாரம்

அவர் இந்தத் தடவை வரும்போது கைப்பெட்டியில் ஒரு மேஜைக் கடிகாரம் கொண்டுவந்திருந்தார். முள் கிடையாது. இருட்டில் சிவப்பாக எண்கள் எரியும். கரண்டில் ஓடுவது. கட்டில் பக்கத்தில் வைத்திருந்தார். அது சரியாக ஓடவில்லை. தினமும் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் திருத்தி வைப்பார். "கரண்ட்டு வந்து வந்து போவுதுல்ல, அதான்" என்பார்.

அண்ணன் போன மறுநாள், பள்ளிவாசலில் பன்னிரண்டரை மணிக்கு மதியத் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொன்னபோது அந்தக் கடிகாரம் பன்னிரண்டைக்கூடத் தொட்டிருக்கவில்லை. காலையில்தான் திருத்தி வைத்தார். அன்று முழுக்கக் கரண்ட் போகவே இல்லை. எனக்கு உள்ளே ஏதோ இடித்தது.

அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கைக்கடிகாரம் அலமாரியில் இருந்தது. இரண்டையும் ஒரே மணிக்கு வைத்துவிட்டு அடுப்பு வேலையைப் பார்த்தேன். கைக்கடிகாரத்தில் ஒரு மணி நேரம் ஆனபோது, சிவப்பு எண்களில் ஐம்பது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

பிறகு தட்டின் ஓரத்தில் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டி, மெஷினைப் போட்டு, அது என் முன்னால் வந்து போவதை எண்ணினேன். மூடியின் மேல் 33 என்று அச்சடித்திருந்தது. நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று சுற்று என்று அண்ணன் எப்போதோ சொன்னது ஞாபகம். இருபத்தெட்டுகூட முழுதாக வரவில்லை.

நான் பத்தாவது வரை படித்தவள். கணக்கு எனக்குப் பிடிக்கும். அறுபதுக்கு ஐம்பது. முப்பத்து மூன்றுக்கு இருபத்தெட்டு. இரண்டும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது. ஒன்று போலவே குறைகிறது.

கடிகாரத்தைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் சின்ன எழுத்தில் 60 என்று இருந்தது. மெஷினின் பின்பக்கத் தகட்டைத் துடைத்துப் பார்த்தேன். அங்கேயும் 60. சமையலறைக்கு ஓடி மிக்சியைக் கவிழ்த்தேன். 50. அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாது. ஆனால் சவுதிச் சாமான் இரண்டிலும் அது ஒன்றாக இருந்தது.

அவர் வந்ததும் மூன்றையும் வரிசையாக வைத்துக் காட்டினேன்.

"இந்தக் கடிகாரத்தை யாரு கொண்டாந்தது?"

"நான்தான்."

"வேற யாராச்சும் தொட்டாங்களா?"

"இல்லை."

"இதுவும் அதே மாதிரிதான் மெதுவா ஓடுது. இதுக்குள்ளயும் எங்க அண்ணன் கை வெச்சிட்டாரா?"

அவர் என்னைப் பார்த்த பார்வை நான் எதிர்பார்த்தது அல்ல. கண்ணைச் சுருக்கிக்கொண்டு, "இதெல்லாம் உனக்கு யாரு சொல்லிக் கொடுத்தது? அவரு ஆள் அனுப்பினாரா?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் புடவையை மாற்றிக்கொண்டு வெளியே வந்து நின்றேன். "கிளம்புங்க. உங்க மெக்கானிக்கிட்டயே போவோம். நானும் வர்றேன்."

மெக்கானிக்கின் டார்ச்

தருமபுரி கடையில் அந்த மெக்கானிக் தகட்டைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அங்க கரண்ட்டு வேறங்க. செகண்டுக்கு அறுபது தடவை ஆடும். நம்ம ஊர்ல அம்பதுதான். இந்த மோட்டாரு அந்த ஆட்டத்துக்குத் தகுந்த மாதிரிதான் சுத்தும். வோல்டேஜ் சுவிட்சை மாத்தினாலும் இது மாறாது. நம்மகிட்ட இப்படி வந்ததே இல்லீங்க, அதான் கவனிக்கலை."

"மோட்டார் மாத்தியிருக்குன்னு சொன்னீங்களே?" என்றேன்.

"ஸ்குரூ தலை தேஞ்சிருந்துச்சும்மா."

"திறந்து பாத்தா தேயும். மாத்தியிருக்கா?"

அவர் டார்ச் அடித்து உள்ளே ரொம்ப நேரம் பார்த்தார். என் கணவரும் குனிந்து பார்த்தார். மோட்டாரிலும் அதே கம்பெனி பெயர், அதே 60.

"இல்லீங்க. இது மெஷினோட வந்ததுதான்."

என் கணவர் மெஷினைத் தூக்கிக்கொண்டார். பஸ் ஸ்டாண்டில் கம்பைநல்லூர் பஸ் நின்றது. அவர் அதைத் தாண்டி நடந்தார். வேறொரு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, மெஷினை மடியில் வைத்துக்கொண்டு, கண்டக்டரிடம் சொன்னார்: "பொம்மிடி ரெண்டு."

வழியெல்லாம் புளிய மர நிழல் விட்டு விட்டு அவர் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

காலியான ஸ்டூல்

அண்ணன் கடையில் ஸ்பீக்கர் குழாய்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலை இழுத்துப் போட்டார். டீ சொல்லி அனுப்பினார். மரியாதையில் குறை வைக்கவில்லை. முகத்தில்தான் ஒன்றும் இல்லை.

என் கணவர் எல்லாவற்றையும் சொன்னார். "தப்பு என் மேலதான் மச்சான். நீங்கதான் இதைச் சரி பண்ணித் தரணும்" என்று முடித்தார்.

"தெரிஞ்சிடுச்சு இல்லீங்களா. நல்லது" என்றார் அண்ணன். "நான் இதுல கை வைக்க மாட்டேன். நாளைக்கு வேற ஏதாச்சும் நின்னா அதுக்கும் நான்தான் பதில் சொல்லணும்."

"அண்ணே" என்றேன்.

"நீ சும்மா இரு." பிறகு என் கணவரைப் பார்த்தார். "ஒண்ணு வேணும்னா செய்யலாம். நீங்க இந்த ஸ்டூல்ல உக்காருங்க. ஒவ்வொரு ஸ்குரூவா கழட்டுறேன். கண்ணை எடுக்காம பாருங்க. மறுபடி மாட்டி மூடுற வரைக்கும் பாக்கணும். அப்படின்னா செய்யறேன்."

என் கணவர் ஸ்டூலில் உட்காரவில்லை. பிறகு கடையை விட்டு இறங்கி, ரோட்டைத் தாண்டி, ஸ்டேஷன் வேலியோரம் போய் நின்றுகொண்டார். கடைக்கு முதுகைக் காட்டியபடி.

அண்ணன் காலி ஸ்டூலையே பார்த்துக்கொண்டிருந்தார். டீ ஆறி ஆடை கட்டியது. அப்புறம் திருப்புளியை எடுத்தார்.

தட்டைத் தூக்கினார். மோட்டாரின் தலையில் ஒரு சின்ன பித்தளைப் புல்லி, அதைச் சுற்றித்தான் பெல்ட். "மோட்டாரு மெதுவா சுத்தினா, இந்தத் தலை கொஞ்சம் பருமனாகணும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தடித்த வயர் ஒன்றின் மேல்தோலை உரித்து, அந்தக் குழாயைப் புல்லியின் மேல் இறுக்கமாக ஏற்றினார். போட்டுப் பார்த்தார். இப்போது வேகம் அதிகம். குழந்தை கீச்சுக் குரலில் பாடுவதுபோல் இருந்தது. மோட்டாரைச் சுழலவிட்டு உப்புத்தாளை லேசாகக் காட்டினார். நிறுத்தினார். நான் காகிதத் துண்டை எண்ணினேன். மறுபடி உப்புத்தாள். மறுபடி எண்ணினேன். ரப்பர் தூள் வாசனை கடை முழுக்க. அதற்குள் ஒரு கூட்ஸ் வண்டி முழுதாகக் கடந்து போனது. வேலியோரம் நின்றவர் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

எண்ணிக்கை முப்பத்து மூன்றைத் தொட்டது. அண்ணன் ஊசியை இறக்கினார்.

ஒரு பெண் பாடினாள். பல மாதம் நான் கேட்ட அதே பாட்டு. அவளை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன்.

அண்ணன் வாசலுக்குப் போனார். "மச்சான்! வந்து கேளுங்க."

என் கணவர் பாதி திரும்பினார். "நீங்க கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"சரியா இருக்கா?"

"இருக்குங்க."

"அப்ப சரிதான் மச்சான்" என்றார். அங்கேயே நின்றார்.

அண்ணன் உள்ளே வந்தார். துணியால் கையைத் துடைத்தார்.

"வூட்டுல உங்க அண்ணி சோறு வடிச்சிருப்பா. சாப்பிட்டுட்டு, ஷகிலா கல்யாணப் பந்தல் எந்தப் பக்கம் போடறதுன்னும் பாத்துட்டுப் போலாம்னு சொல்லு" என்றார்.

அதை நேராக அவரிடமே சொல்ல அண்ணனுக்கு இன்னும் மனசு வரவில்லை. நான்தான் ரோட்டைத் தாண்டிப் போய்ச் சொன்னேன்.